முதல் தடவை ரத்தம் கொடுக்கப் போறீங்களா?

நாகலாபுரத்துல இருந்து கோவில்பட்டிக்கு முதல் தடவையா ரத்தம் கொடுக்கப் போற தம்பி, தங்கச்சிகளுக்கு.

18 வயசு, 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஊசி புதுசு, பயம் வேண்டாம்.

படிவத்துல ஒரு கேள்வி வரும்: பரிசோதனையில் குறை தெரிந்தால் உங்களுக்குச் சொல்லலாமா? 'ஆம்' போடுங்க. நண்பன் நம்பர் இல்ல, சொந்த நம்பர் எழுதுங்க.

2018 டிசம்பர், பக்கத்துச் சாத்தூர். கர்ப்பிணிக்கு ஏற்றின ரத்தத்துல எச்.ஐ.வி. கொடுத்தவனுக்கு வயசு 19. 2016லயே ஒருமுறை கொடுத்திருக்கான், அப்பவே பாசிட்டிவ். அவன்கிட்ட யாரும் சொல்லல. வெளிநாட்டு வேலைக்கு டெஸ்ட் எடுத்தப்பதான் தெரிஞ்சுது. உடனே தானாவே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னான். அந்த மாசம் முடியுமுன்னே உயிரை விட்டுட்டான்.

என் கணக்குல, அந்த விஷயத்துல பொறுப்பா நடந்தவன் அவன்தான்.

சந்தேகம் இருந்தா, டெஸ்டுக்காக ரத்தம் கொடுக்காதீங்க. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல இலவசம். ரத்த வங்கியில இருந்து போன் வந்தா எடுங்க.