குளிசைப் பையும் குரக்கன் புட்டும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், தருமபுரத்துக்கு அப்பால், நமக்கு உறவுமுறையான ஆச்சி ஒருவர் வாழ்கிறார். கைவிரல்களும் முழங்கால்களும் வீங்கி நோகும் மூட்டுவாதம் அவரைச் சில ஆண்டுகளாகப் பற்றியிருக்கிறது. சென்ற மாதம் அவரைக் காணச் சென்றிருந்தோம். சுகம் விசாரித்து முடிந்ததும் ஆச்சி உள்ளே சென்று ஒரு துணிப் பையைக் கொணர்ந்து பாயின்மேல் கவிழ்த்தார். ஏழு போத்தல்கள் உருண்டன.

"தம்பி, கனடாவிலை இருக்கிற மகன் அனுப்பினவன். எல்லாம் விற்றமினாம். இவ்வளவும் இருக்க, முகத்தை ஊத வைக்கிற அந்தக் குளிசையை ஏன் விழுங்குவான் எண்டு விட்டுப்போட்டன். அதுதான் பிழைச்சுப் போச்சு" என்றார்.

பிழைத்தது எவ்வாறு என்பதையும் அவரே சொன்னார். எட்டு மாதங்களாக நாள்தோறும் உட்கொண்டு வந்த பிரெட்னிசொலோன் குளிசையை ஒரேயடியாக நிறுத்திய மூன்றாம் நாள் வாந்தி கண்டது, தலை சுற்றியது, பாயை விட்டு எழ முடியவில்லை. அயலவர் ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். ஊசி மருந்தும் சேலைனும் ஏற்றிய பின்னரே ஆச்சி தெளிந்தார். இத்தகைய தவறு வன்னியில் ஒரு வீட்டில் மாத்திரம் நிகழ்வதன்று. வெளிநாட்டுப் பிள்ளைகளின் அன்பு போத்தல் போத்தலாக வந்திறங்கும் வீடுகள் இங்கே பல. ஆதலின் இவ்வாரம் இதுபற்றிச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

முதலில் இந்த மருந்தின் வரலாறு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1948 செப்டெம்பர் மாதத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஓர் இளம் பெண்ணுக்குக் கோர்ட்டிசோன் முதன்முதலாக ஏற்றப்பட்டது. சில நாட்களில் அப்பெண் எழுந்து நடந்தாள். அதனைச் செய்த பிலிப் ஹெஞ்ச், எட்வேட் கெண்டல் என்போருக்கும், சுவிட்சர்லாந்தில் இத்துறையில் ஆராய்ந்த ரைக்ஸ்டைனுக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் அற்புத மருந்தென்று உலகம் கொண்டாடிய அதே காலத்தில் அதன் மறுபக்கமும் தெரியலாயிற்று. முகம் வீங்குதல், எலும்பு நலிதல், இரத்தத்தில் சீனி கூடுதல், மனம் குழம்புதல் எனப் பல துன்பங்கள் தலைகாட்டின. பிரெட்னிசொலோன் அக்குடும்பத்தில் பின்னர் பிறந்த மருந்து. தசை பெருக்குவதற்காகச் சிலர் களவாக உட்கொள்ளும் ஸ்டீரொயிட் வேறு, இது வேறு என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்க.

நமது சிறுநீரகங்களின் மேலே தொப்பி கவிழ்த்தாற்போல இரு சிறு சுரப்பிகள் உள்ளன. உடலுக்கு இன்றியமையாத கோர்ட்டிசோல் என்னும் சுரப்பு அங்கேதான் ஊறுகிறது. வெளியிலிருந்து வாரக்கணக்கில் ஸ்டீரொயிட் வந்துகொண்டிருந்தால், "இனி நமக்கு வேலையில்லை" என்று அச்சுரப்பிகள் உறங்கிவிடுகின்றன. திடீரென மருந்தை நிறுத்தினால் உள்ளே ஊறுவதும் இல்லை. வெளியே இருந்து வருவதும் இல்லை. ஆச்சிக்கு நேர்ந்தது இதுவே. இம்மருந்தை வைத்தியர் சொல்லும் கணக்கின்படி சிறுகச் சிறுகக் குறைத்தே நிறுத்தல் வேண்டும். எந்த விற்றமினும் அதன் இடத்தை நிரப்பாது.

அப்படியானால் விற்றமின்கள் வீணா? அன்று. ஸ்டீரொயிட் உட்கொள்வோருக்கு இரண்டு சத்துகள் மெய்யாகவே வேண்டும். ஒன்று கல்சியம், மற்றையது விற்றமின் டி. இம்மருந்து குடலிலிருந்து கல்சியம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. சிறுநீரில் கல்சியம் வெளியேறுவதைக் கூட்டுகிறது. எலும்பைக் கட்டும் உயிரணுக்களையும் சோர வைக்கிறது. எலும்பின் தேய்வு முதல் 3 முதல் 6 மாதங்களிலேயே மிக விரைவாக நிகழ்கிறது. வழுக்கி விழுந்த பின் இடுப்பு முறிந்ததென்று வருந்துவதிலும், மருந்து தொடங்கும்போதே எலும்பைக் காப்பது அறிவுடைமை. நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராமும் அதற்கு மேலும் மூன்று மாதங்களுக்கு அதிகமாக உட்கொள்ளும் வளர்ந்தோர், உணவும் குளிசையும் சேர்ந்து 1000 முதல் 1200 மில்லிகிராம் வரை கல்சியமும், 600 முதல் 800 அலகு வரை விற்றமின் டியும் பெறுதல் வேண்டும் என்பது அமெரிக்க மூட்டுவாத வைத்தியர் சங்கத்தின் வழிகாட்டல். எலும்பு முறியும் ஆபத்து மிகுந்தோருக்கு இவை மாத்திரம் போதா. எலும்பை வலுப்படுத்தும் வேறு மருந்தும் வைத்தியர் கொடுப்பார்.

"உணவும் சேர்ந்து" என்ற சொற்களைக் கவனிக்க. இக்கணக்கில் பெரும்பகுதியை நம் அடுக்களையே தரவல்லது. குரக்கன் மா 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. தோல் நீக்காத எள்ளு, முருங்கையிலை, பால், தயிர் என்பனவும் நல்லவை. முல்லைத்தீவுக் கரையில் வரும் நெத்தலியையும் சூடையையும் முள்ளோடு மெல்லும்படி வேக வைத்து உண்டால் அதுவும் கல்சியமே. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்டீரொயிட் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்தும். இரத்தத்தில் சீனியையும் கூட்டும். ஆகவே கருவாட்டை நன்றாக ஊற வைத்துக் கழுவிச் சமைக்க வேண்டும். எள்ளுருண்டையிலும் பால் தேநீரிலும் சீனியை அடக்க வேண்டும்.

"வன்னி வெயிலில் விற்றமின் டிக்கு என்ன குறை?" என்று ஒருவர் கேட்கலாம். வெயில் நாடுகளிலும் அக்குறை பரவலாக உண்டு. மூட்டு நோவினால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியோருக்கும், கருமையான தோலுடையோருக்கும் அது எளிதில் நேரும். லூப்பஸ் என்னும் நோயுள்ளோருக்கோ வெயிலே ஆகாது. இவர்களுக்குக் குளிசை தேவையாகலாம்.

இனி ஆச்சியின் போத்தல்களுக்கு வருவோம். அவற்றுள் இரண்டில் ஒரே விற்றமின் டி இருந்தது. மூன்றாவதான பல சத்துக் குளிசையிலும் அதுவே இருந்தது. விற்றமின் ஏயும் டியும் கொழுப்பிற் கரைவன. மிகுந்தால் உடலில் தங்கிவிடும். மீன் ஈரல் எண்ணெயில் உள்ள விற்றமின் ஏ அளவு கடந்தால் எலும்பையே நலிவிக்கும். எதற்காக உட்கொண்டோமோ அதனையே கெடுக்கும். விற்றமின் சியை அளவின்றி விழுங்கினால் சிறுநீரகத்தில் கல் தோன்றலாம். மற்றொரு போத்தல் நோயெதிர்ப்புச் சக்தியைப் பெருக்குவதாம். தன் உடலைத் தானே தாக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்கவே வைத்தியர் மருந்து கொடுக்கிறார். அதனைப் பெருக்குவதாகச் சொல்லும் போத்தலுக்கு அங்கே என்ன அலுவல்?

சிறுநீரக நோயுள்ளவர்கள் மேலும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். வவுனியா மாவட்டத்திலும் அதனை அடுத்த வடமத்திய பகுதிகளிலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் விவசாயிகளைப் பீடித்திருப்பதை யாவரும் அறிவர். ஸ்டீரொயிட் பொற்றாசியத்தைக் குறைக்கும் என்று வாழைப்பழமும் இளநீரும் உண்ணச் சொல்வது ஒருவருக்கு நன்று. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு அதுவே ஆபத்து. கல்சியமும் விற்றமின் டியும் அவ்வாறே. இரத்தப் பரிசோதனை செய்யாமல் இவர்கள் எதனையும் தொடங்கலாகாது.

இருமலுக்கு நாம் வாயிலிடும் அதிமதுரத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டால் அது பொற்றாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஸ்டீரொயிட்டும் அதனையே செய்வதால் இரண்டும் சேரலாகாது. வயலில் வெறுங்காலோடு நடப்போர் உடலில் தோல் வழியே புகும் ஒருவகைப் புழு ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து, ஸ்டீரொயிட் தொடங்கியதும் பெருகி உயிருக்கே உலை வைக்கும். வயல் வேலை செய்வதை வைத்தியரிடம் சொல்லுங்கள். முன்னதாகவே பரிசோதித்து மருந்து கொடுப்பார்.

உட்கொள்ளும் வேளையும் முக்கியம். ஸ்டீரொயிட்டைக் காலை உணவுக்குப் பின் எடுப்பது வழக்கம். இரவில் எடுத்தால் நித்திரை கெடும். கல்சியம் காபனேற்று உணவோடு, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படாமல் எடுத்தால் நன்கு உறிஞ்சப்படும். அதனை இரும்புக் குளிசையோடு சேர்க்கலாகாது. மூட்டுவாதத்துக்கு மெதொட்ரெக்சேற் கொடுக்கப்பட்டிருந்தால் அது கிழமைக்கு ஒரு நாள் மாத்திரமே என்பதை மறவாதீர்கள். நாள்தோறும் எடுத்தால் உயிராபத்து. அதன் தீங்கைத் தணிக்கவே போலிக்கமில விற்றமின் வேறொரு நாளில் கொடுக்கப்படுகிறது. அதனைச் சாதாரணச் சத்துக் குளிசையென்று கருதி விட்டுவிடலாகாது.

அடுத்த கிளினிக் நாளில் ஆச்சி தம் பையோடு கிளிநொச்சிக்குச் சென்றார். பேரப்பிள்ளை, பத்தாம் வகுப்பு மாணவி, ஒவ்வொரு போத்தலின் பெயரையும் அளவையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். வைத்தியர் அதனை வாசித்து ஒன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றையவற்றை விலக்கச் சொன்னாராம். "ஸ்டீரொயிட் எடுப்பவர்" என்று கொப்பியின் முகப்பில் பெரிதாக எழுதியும் விட்டார்; அவசரத்தில் எந்த வைத்தியரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும் அதனைக் காட்ட வேண்டும்.

"மகன் கவலைப்படுவானே தம்பி, காசு செலவழிச்சு அனுப்பினவன்" என்று ஆச்சி வருந்தினார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லுவது இதுதான்: போத்தல் வாங்குமுன் அம்மாவின் கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறதென்று ஒருமுறை கேட்டறியுங்கள். நாம் விடைபெறும்போது ஆச்சி குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும் பரிமாறினார். காலைக் குளிசையை அவர் அதற்குப் பின் எடுத்துக்கொண்டதைப் பார்த்த பின்னரே எழுந்து வந்தோம்.