கொலையுண்டவள் மீதா குற்றப்பத்திரம்?

2012 டிசம்பர் 16ஆம் நாள் இரவு, டில்லி மாநகரில் திரைப்படம் பார்த்து நண்பருடன் வீடு திரும்பிய மாணவியொருத்தி, ஓடும் பஸ் வண்டியிற் கயவர்களாற் சிதைக்கப்பட்டாள். 29ஆம் நாள் சிங்கப்பூர் மருத்துவமனையில் உயிர் நீத்தாள். கண்ணீர் உகுத்த ஊராரிடையே எழுந்த கேள்வி யாது? "அந்நேரத்தில் அவளுக்கு வெளியே என்ன வேலை?" என்பதன்றோ!

குற்றவாளிகளுள் ஒருவன் 2015இல் வெளியான ஆவணப்படத்திற் கூறியதும் இதுவே: ஒழுக்கமுள்ள பெண் இரவு ஒன்பது மணிக்கு ஊர் சுற்றமாட்டாளாம்! ஊராரும் கொலைஞனும் ஒரே வாதத்தைப் பேசுவராயின், வெட்கித் தலைகுனிய வேண்டியவர் யார்? 2020 மார்ச் 20இல் நால்வர் தூக்கிலேறினர். அந்தக் கேள்வியோ இன்னும் உயிரோடு உலாவுகின்றது.

களவு கொடுத்தவனை நோக்கி, "நீ ஏன் பொருள் தேடினாய்?" என எவரும் வினவுவதில்லை. 2013இல் இந்தியா தன் சாட்சியச் சட்டத்தைத் திருத்தி, இணக்கத்தை நிறுவும் பொருட்டுப் பாதிக்கப்பட்டவளின் ஒழுக்கத்தைக் குறுக்கு விசாரணையிற் கிளறுவதைத் தடுத்தது. மன்றிலே சட்டத்தரணிக்கு மறுக்கப்பட்ட கேள்வியை முற்றத்திலே கேட்க நமக்கு உரிமை தந்தவர் யார்?

பெற்றோரே! உங்கள் அச்சம் நியாயமானதே. ஆயினும், மகளின் படிப்பை மறித்து வாசலைச் சாத்துவது குற்றமற்றவளுக்கு விதிக்கும் சிறைத்தண்டனையாகும். கறுப்புக் கண்ணாடியிட்ட அந்தத் தனியார் பஸ், அனுமதியின்றித் தலைநகரில் ஆளேற்றி ஓடியதெவ்வாறு என அரசைக் கேளுங்கள். "இரவில் எங்கிருந்தாய்?" என்பதை உங்கள் மகனிடமும் கேளுங்கள்!