கல்யாணத்துக்கும் வருமானச் சான்றிதழா?

தாலுகா ஆபீசில் இருந்த காலத்தில் நான் எழுதிய வருமானச் சான்றிதழ்களுக்குக் கணக்கே கிடையாது. எழுதுவது நான், கையெழுத்து தாசில்தாருடையது. வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: "சார், கொஞ்சம் குறைச்சுப் போடுங்க." வருமானம் குறைவு என்றால்தான் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் கிடைக்கும். ஏழைக்கு ஒரு கதவைத் திறக்கத்தான் அந்தக் காகிதம் என்று நம்பியே காலத்தை ஓட்டினேன்.

போன மாதம் என் தங்கை பேத்தி இங்கிலாந்திலிருந்து போனில் பேசினாள். "தாத்தா, நீங்க எத்தனை பேருக்கு இன்கம் சர்டிபிகேட் எழுதியிருப்பீங்க, எனக்கு ஒண்ணு கூட்டிப் போட்டு எழுதித் தர மாட்டீங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவள் பிறந்தது, வளர்ந்தது, குடியுரிமை எல்லாம் அங்கேதான். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. 2024 ஆவணியில் நம் ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன், நல்ல உழைப்பாளி. இன்னும் இங்கேதான் இருக்கிறான். காரணம் 29,000 பவுண்டு. வெளிநாட்டுக் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள நினைக்கும் பிரிட்டிஷ் பிரஜை வருஷத்துக்கு அவ்வளவு சம்பாதிப்பதாகக் காட்ட வேண்டும். 2012-இல் இந்த விதியைக் கொண்டுவந்தபோது வரம்பு 18,600. 2024 ஏப்ரலில் ஒரே தாவலில் 29,000 ஆக்கினார்கள். அதையும் 38,700 வரை ஏற்றுவதாகச் சொல்லிப் பிறகு நிறுத்தி வைத்தார்கள்.

குமாஸ்தா புத்தி, உடனே பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். 2025 ஏப்ரலில் அந்த அரசாங்கமே நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 37½ மணி நேரம், 52 வாரம், ஒரு நாள் விடாமல் உழைத்தால் 23,800 சொச்சம். 29,000 எட்ட வேண்டுமானால் வருஷம் முழுவதும் வாரம் ஏறக்குறைய 46 மணி நேரம் நிற்க வேண்டும். அதாவது, "இந்தக் கூலி போதும்" என்று சட்டம் போட்ட கையே, "இந்தக் கூலிக்காரனுக்குப் பெண்டாட்டி வேண்டாம்" என்றும் எழுதுகிறது. சம்பளம் இல்லாவிட்டால் சேமிப்பைக் காட்டலாமாம். எவ்வளவு தெரியுமா? 88,500 பவுண்டு, அதுவும் ஆறு மாதம் கையிலேயே இருந்திருக்க வேண்டும். முதியோரைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் பெண்ணிடம் அது எங்கே இருக்கும்?

மாப்பிள்ளை அங்கே போன நாளிலிருந்தே வேலை செய்யலாம், விசா தடுக்காது. ஆனால் அவன் நாளை சம்பாதிக்கப் போவதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இரண்டு பேர் நடத்தப்போகும் குடும்பத்துக்கு ஒருத்தி சம்பளத்தை மட்டும் வைத்து வரவு செலவு எழுதுவது என்ன கணக்கு?

"வருகிறவர்கள் அரசாங்கத்துக்குப் பாரமாகிவிடக் கூடாது அல்லவா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விசாவில் வருகிறவருக்கு அரசாங்க உதவித்தொகை கிடையாது என்று விசாவிலேயே நிபந்தனை இருக்கிறது. வைத்தியத்துக்காக வருஷத்துக்கு 1,035 பவுண்டு வேறு முன்பணமாகக் கட்ட வேண்டும். பாரத்தைத் தடுக்கத்தான் பூட்டு என்றால், அந்தப் பூட்டு ஏற்கெனவே போட்டாயிற்று. 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இதனால் பலர் கஷ்டப்படுவதை ஒப்புக்கொண்டது, குழந்தைகளின் நலனைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றும் குறை சொன்னது. ஆனாலும் வரம்பு வைப்பது செல்லும் என்றே தீர்ப்பு.

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதுசாகத்தான் இருக்கும். 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட சொல்தா வீடுகளில் எத்தனை சம்பந்தம் பார்த்திருக்கிறோம்! கல்யாணம் நிஜமா, பொய்யா என்று துருவுவார்கள், எத்தா சிவில் காகிதத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் அலையவிடுவார்கள். ஆனால் பிரெஞ்சுப் பிரஜை தன் மனைவியை அழைத்துக்கொள்ள இவ்வளவு சம்பளம் வேண்டும் என்ற வரம்பு அங்கே இல்லை. பிரான்ஸைத் தூக்கி வைத்துப் பேசவில்லை. அங்கே குடியிருக்கும் வெளிநாட்டவன் குடும்பத்தை அழைக்க வேண்டுமானால் வருமானமும் கேட்பார்கள், வீட்டின் அளவும் கேட்பார்கள். ஆனால் சிறு குடும்பத்துக்கு அந்த வருமானம், சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளமான 'ஸ்மிக்' அளவுதான். முழு நேரம் உழைக்கிறவன் அதைத் தாண்டிவிடலாம். வரம்பு வைத்தே தீருவது என்றால் அங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டும்.

போலிக் கல்யாணத்தைப் பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கல்யாணம் உண்மையா என்று கண்டுபிடிக்க முடியாது. பணக்காரன் செய்த போலிக் கல்யாணம் இந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். கூலிக்காரியின் உண்மைக் கல்யாணம்தான் மாட்டிக்கொள்கிறது.

இதைப் படிப்பவர்களில் சிலருக்காவது அங்கே ஓட்டுரிமையுள்ள பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். தங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் 29,000-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கேட்டால் போதும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

என் பேத்தி இப்போது ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்க்கிறாள். ஆறு மாதச் சம்பளச் சீட்டு சேர வேண்டும். இது மூன்றாவது மாதம்.