அழைக்கப்படாத அவை



சேதராப்பட்டில் கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கிய வேளையில், நண்பர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு கேட்டார்: "உலகப் போரையும், அதை நடத்திய தலைவர்களின் மாநாடுகளையும் பற்றி ஒரு மணி நேரம் பேசினீர்களே, அவற்றுக்கும் எங்கள் ஊருக்கும் என்னய்யா உறவு?"

நல்ல கேள்வி. உறவு உண்டு. அந்நாளில் இந்த ஊரை ஆண்டது பிரெஞ்சுக் கொடி. எல்லையைத் தாண்டினால் ஆங்கிலேயர் ஆட்சி. இரு வல்லரசுகளின் வாக்குறுதிகளையும் ஒருசேர எடை போட்டுப் பார்க்கும் உரிமை, நம்மைவிட வேறு யாருக்கு உண்டு?

1941 ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கடலோரத்தில், போர்க்கப்பல்களிலே சந்தித்தனர் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும். தளபதிகள் உடனிருந்தனர். எதற்காகப் போர் என்று உலகுக்கு உரைக்க, எட்டு அம்சங்கள் கொண்ட அட்லாண்டிக் சாசனம் பிறந்தது. தாம் வாழவேண்டிய ஆட்சிமுறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்றது மூன்றாவது அம்சம். எல்லா மக்களுக்கும்! அடிமை நாடுகள் அகமகிழ்ந்தன. அந்த மகிழ்ச்சி முழுதாய் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. செப்டம்பர் 9 அன்று சர்ச்சில் எழுந்தார். நாஜிகளின் பிடியில் சிக்கிய ஐரோப்பிய நாடுகளை எண்ணி எழுதப்பட்டது அது, இந்தியாவின் கதை வேறு என்றார். ரத்தம் சிந்த இந்தியன் வேண்டும். சாசனத்தில் மட்டும் அவனுக்கு இடமில்லை!

ஆங்கிலேயர்தான் அப்படி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பறைசாற்றிய பிரான்சு எப்படி? பாரிஸ் வீழ்ந்த 1940-இல், செப்டம்பர்த் திங்களில், கவர்னர் போன்வேன் பிரெஞ்சிந்தியாவை டி கால் பக்கம் நிறுத்தினார். வீடிழந்து நின்றவருக்குத் திண்ணை தந்த ஊர்களில் புதுவையும் ஒன்று. 1944 ஜனவரி 30 அன்று ஆப்பிரிக்காவிலே, பிராசவில் நகரில், டி கால் மாநாட்டைத் தொடங்கி வைத்தார். குடியேற்ற நாடுகளின் எதிர்காலம் பற்றிப் பேசக் கூடியவர்கள் யார்? கவர்னர்கள், அதிகாரிகள்! ஆளப்பட்ட மக்களின் பிரதிநிதிகளுக்கு அங்கே வாக்கு இல்லை. சீர்திருத்தங்கள் சில பரிந்துரைக்கப்பட்டன, மறுக்கவில்லை. ஆனால் தன்னாட்சி? தொலைதூர எதிர்காலத்திலும் அந்த எண்ணத்துக்கே இடமில்லை என்று எழுதிவைத்தார்கள்.

ஓராண்டு கழிந்தது. 1945 பிப்ரவரியில் யால்டாவில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் கூடினர். டி காலுக்கு அழைப்பு இல்லை. பிரான்சின் விதியைப் பிரான்சு இல்லாமலே பேசுவதா என்று குமுறினார் அவர். நியாயமான குமுறல். ஆனால், பிராசவில்லில் தாம் வெளியே நிறுத்திய மக்களுக்கும் அதே நெஞ்சு உண்டென்பது நினைவுக்கு வரவில்லையே!

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் வாளாவிருக்கவில்லை. 1936 ஜூலை 30 அன்றே ஆலைத் தொழிலாளர் பன்னிருவரைத் துப்பாக்கிக்குப் பலி தந்த மண் அல்லவா இது! போராட்டம் வளர்ந்தது. 1954 மே மாதம் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அக்டோபர் 18 அன்று, நம் கீழூரில், மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் கூடினர். வாக்களித்தோர் 178 பேர். இந்தியாவோடு இணைய 170, எதிர்த்து 8. போர்க்கப்பலில் மறுக்கப்பட்ட உரிமை, புதுவையின் சிற்றூரிலே எடுத்துக்கொள்ளப்பட்டது. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது.

கதை அத்தோடு முடிந்ததா? இல்லை. 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் விதியைப் படியுங்கள். இப்பகுதிகளின் ஆட்சி நிலையில் மாற்றம் செய்வதானால், மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்யவேண்டும் என்கிறது அது. 1979-இல் தமிழ்நாட்டோடு இணைப்பு என்ற பேச்சு டெல்லியில் எழுந்தபோது, புதுவை மக்கள் கொதித்தெழுந்து தடுத்தார்கள். தமிழ்நாட்டின் மீது வெறுப்பா? இல்லை, தங்களைக் கேளாமல் பேசியதன் மீது வெறுப்பு! மாநிலத் தகுதி கோரிச் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியும் கதவு திறக்கவில்லை. 2017-இல், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கலந்துகொள்ளாமலே மூவரைச் சட்டமன்றத்தில் அமர்த்தியது மத்திய அரசு. சட்டப்படி செல்லும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டத்துக்குத் தலைவணங்குவோம். ஆனால் செல்லும் என்பது வேறு, செம்மை என்பது வேறு.

ஒன்று நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும். கிளைத் தோழனைக் கேளாமல் தலைமை முடிவெடுத்தால், அதுவும் சின்னஞ்சிறு யால்டாதான். பிறரைக் கேட்கும் கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வோம்.

சேதராப்பட்டு நண்பரே! உறவு இதுதான். நம் தலைவிதி எழுதப்படும் மேசை எங்கே போடப்பட்டாலும், "எங்களுக்கு நாற்காலி எங்கே?" என்று கேட்பது நம் கடமை. கிளைதோறும் அந்த இரண்டாம் விதியைப் படியுங்கள். படித்ததை வீடுதோறும் சொல்லுங்கள். கேட்காதவனுக்கு எந்தச் சாசனமும் வெறும் காகிதம்தான்.