வேலிக்கு வெளியே ஒரு குழந்தை

எங்கள் பேட்டைப் பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள். அதற்காகக் கூடிய குடியிருப்போர் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். புதிய ஊஞ்சல், புதிய சறுக்குமரம், நடைபாதைக்குப் புதிய கல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. அப்போது என் எதிர்வீட்டு அம்மாள் எழுந்து, "என் பிள்ளையும் உள்ளே வர ஒரு வழி பண்ணுங்கள்" என்றார். அவர் பிள்ளைக்கு ஒன்பது வயது. சக்கர நாற்காலியில்தான் எங்கும் போவான்.

கூட்டத் தலைவர் நல்ல மனிதர். "பாவம், அந்த மாதிரிக் குழந்தைகளுக்குத் தனியாக ஒரு பார்க் வேண்டுமென்று கார்ப்பரேஷனுக்கு எழுதுவோமே" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன்.

அந்தப் "பாவம்" என்ற சொல்லை வளர்த்ததில் எங்களைப் போன்ற கதாசிரியர்களுக்குப் பெரும் பங்குண்டு. நடக்க இயலாத குழந்தை எங்கள் கதையில் வந்தால் ஒன்று சாக வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் எழுந்து நடக்க வேண்டும். சும்மா விளையாட மட்டும் நாங்கள் விட்டதில்லை. நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறீர்கள். அழுதாயிற்று, கடமை முடிந்தது!

"அப்படிப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் வருகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டார். எப்படி வருவார்கள்? மாடும் ஸ்கூட்டரும் நுழையாமலிருக்க வாசலில் வளைத்து வைத்த இரும்புக் குழாய், நாற்காலியையும் சேர்த்தே நிறுத்துகிறது. அதைத் தாண்டினால் மணல், சக்கரம் புதைகிறது. வரவிடாமல் அடைத்துவிட்டு, வரவில்லையே என்று கணக்குக் கேட்பது எந்த ஊர் நியாயம்? 2011 ஜனத்தொகைக் கணக்குப்படியே இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் குழந்தைகளே இல்லையா?

செலவைச் சொல்லிப் பயமுறுத்தினார் இன்னொருவர். ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளச் சரிவு. நாற்காலி நுழையும் அகலத்தில் வாசல். முதுகைத் தாங்கும் ஊஞ்சல். தரைமட்டத்தில் சுழலும் ராட்டினம். நாற்காலியில் இருந்தபடியே கை அளைய மேஜை உயரத்தில் மணல் தொட்டி. பார்வையற்ற குழந்தை தட்டி மகிழ ஒலியெழுப்பும் குழாய்கள். இரைச்சல் தாங்காத ஆட்டிசக் குழந்தைக்கு ஓர் அமைதியான மூலை. இவை தேவலோகத்துச் சாமான்களா? எப்படியும் இடித்துக் கட்டப் போகிறோம். கட்டும்போதே செய்தால் செலவு குறைவு. அந்தச் சரிவில் மூட்டுவலிப் பாட்டியும் ஏறுவாள். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் தாயும் ஏறுவாள்.

செய்யக்கூடியதுதான் என்பதற்குச் சாட்சிகளும் உண்டு. பெங்களூரில் இத்தகைய குழந்தைகளின் பெற்றோர்கள் கூடி "கிலிகிலி" என்ற அமைப்பை ஏற்படுத்தி, கோல்ஸ் பார்க்கில் எல்லாக் குழந்தைகளும் கலந்து விளையாட வழி செய்தார்கள். நம் மெரினாவில் 2022 நவம்பரில் கடலருகே போக மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மறுபடி செப்பனிட்டார்கள். புயல் உடைத்ததையே சரிசெய்ய முடியுமென்றால், நாமே வைத்த இரும்புக் குழாயை அகற்ற முடியாதா?

விளையாட்டில் மற்றக் குழந்தைகளுக்குள்ள சம உரிமை இவர்களுக்கும் உண்டு என்று 2006-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை சொல்கிறது. 2007-இல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்த அம்மாள் கேட்டது தர்மமல்ல, பாக்கி.

தனிப் பூங்கா யோசனையில் கருணை இருக்கலாம். ஆனால் அதுவும் ஒரு வேலிதான். அங்கே அந்தப் பையனுக்கு நம் தெருப் பிள்ளைகள் கிடைக்கமாட்டார்கள். நம் பிள்ளைகளுக்கோ, ஓட முடியாதவனையும் ஆட்டத்தில் சேர்க்க விதியை எப்படி மாற்றுவது என்ற பாடம் கிடைக்காது. அதைக் கற்பிக்கப் பள்ளிக்கூடத்தில் புஸ்தகம் கிடையாது.

நேற்று மாலை அவன் வேலியோரம் இருந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, அவன் அவுட்தானே? யாருமே ஒத்துக்கமாட்டேங்கறாங்க" என்றான். பந்தை நானும் பார்த்தேன்; அவுட்தான். வெளியேயிருந்து சொன்ன அவன் தீர்ப்பு உள்ளே யார் காதிலும் விழவில்லை.

அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை நான் வாயைத் திறப்பேன். உங்கள் பேட்டையிலும் பூங்கா இருக்குமே, நீங்கள்?