தொண்டருக்கு ஒரு பரீட்சை

கண்ணாடி விரியன் கடித்து வந்தவரின் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே தடவை சரித்து, இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் பிளாஸ்டிக் என்றாலோ, சவர்க்காரம் போட்டுக் கழுவியது என்றாலோ, பத்தாவது நிமிடத்தில் யாராவது அவசரப்பட்டு ஆட்டிப் பார்த்தாலோ முடிவை நம்ப முடியாது. இதற்கு வேண்டியது பழகிய கையும் பொறுமையும். ஆட்சேர்ப்பில் கேட்கும் உயர்தரப் பெறுபேறு இந்த இரண்டையும் அளப்பதில்லை.

பூநகரிப் பிரிவிலுள்ள ஜெயபுரம், 1980களில் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறிய ஊர். அவசரமென்றால் முழங்காவிலுக்கோ அக்கராயனுக்கோ ஓட வேண்டும். அதற்கு மேல் என்றால் கிளிநொச்சி. இப்படியான இடங்களுக்கு வெளி மாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று வருகிற சுகாதார ஊழியர்கள், வந்த மறுவாரமே இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறார்கள். அவர்களை நாம் குறை சொல்லப் போவதில்லை. விடுதி வசதி குறைவு, பஸ் குறைவு, பிள்ளைகளுக்குப் பாடசாலை தூரம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டுக்குக் கிளம்பியவர்களும் இப்படி விட்டுப் போகிறவர்களின் கணக்கில் சேர்ந்துகொண்டார்கள். கிராமத்தில் வளர்ந்தவர்களைத் தெரிந்தெடுத்தால் அவர்கள் கிராமத்தில் தங்குவதற்கான வாய்ப்பு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இலும், பின்னர் 2021இலும் பரிந்துரைத்தது. நம் ஆளணிக் கூட்டங்களிலோ பேச்செல்லாம் வெற்றிடங்களின் எண்ணிக்கையைப் பற்றித்தான்.

வேலை செய்யச் செய்யக் கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், வைத்தியசாலையையே வகுப்பறையாக்கி உள்ளூர் இளைஞர்களை வைத்தியர்களாக்கினார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல்தான் தொடங்கியது.

போர்க்காலத்தில் வன்னி செய்ததும் ஏறக்குறைய அதுவே. தாதியர் இல்லாத வைத்தியசாலை விடுதிகளில் ஊர்ப் பெண்கள் புண்ணுக்கு மருந்து கட்டினார்கள், கிளினிக்கில் பிள்ளைகளை நிறுத்தார்கள், குடும்பநல உத்தியோகத்தரோடு வீடு வீடாகப் போனார்கள். தொண்டர் என்று பெயர். சம்பளம் இல்லை, இருந்தாலும் சொற்பக் கொடுப்பனவு. போர் முடிந்து நிரந்தர நியமனம் என்று வந்தபோது சான்றிதழும் வயதெல்லையும் முன்னால் வந்து நின்றன. வடமாகாண சுகாதாரத் தொண்டர்கள் யாழ்ப்பாணத்தில் வீதியோரம் கொட்டகை போட்டுப் போராட்டம் இருந்ததை இந்த இதழின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, ‘திறன் அடிப்படையில் ஆட்சேர்ப்பு, வேலையிடத்தில் பயிற்சி’ என்று கருத்தரங்குகளில் இப்போது பேசும்போது நமக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. பயிற்சியை நாம் கொடுத்தாயிற்று. ஆட்சேர்ப்பைத்தான் செய்யவில்லை. முடியும் திகதியும் முடிவில் ஒரு பதவியும் இல்லாத பயிற்சிக்குச் சம்பளமில்லாத வேலை என்றே பெயர். இந்தியாவிலும் இதே கதைதான். 2005இல் தொடங்கிய கிராமிய சுகாதாரத் திட்டத்தின் ஆஷா பணியாளர்களுக்கு 2022இல் உலக சுகாதார நிறுவனம் விருது வழங்கியது. ஊக்கத்தொகைக்கு வேலை செய்யும் தொண்டர்கள் என்ற நிலை அதனால் மாறவில்லை.

தாதியர் சங்கங்களின் அச்சமும் நியாயமானது. மூன்று வருடம் படித்தவரின் இடத்தில் மலிவான ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அப்படி நடந்தால் நாமும் எதிர்ப்போம். ஊசி மருந்தும் பிரசவமும் பதிவு பெற்றவர் கையில்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு தாதி இரத்த அழுத்தம் பார்ப்பது, படுக்கை நோயாளியைப் புரட்டுவது, பதிவேடு எழுதுவது, நீரிழிவுக் காலைக் கழுவிக் கட்டுவது எல்லாவற்றையும் தனியே செய்துகொண்டிருக்கும் விடுதியில் பாதுகாப்பு ஏற்கெனவே போய்விட்டது.

வழி நாட்டிலேயே இருக்கிறது. தேசிய தொழில் தகைமை முறையில், முன்பே பெற்ற அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தர ஏற்பாடு உண்டு. மேசனும் மின்னிணைப்பாளரும் அப்படிப் பெறுகிறார்கள். தாதிய உதவியாளருக்கும் பராமரிப்பாளருக்கும் அதையே பயன்படுத்தலாம். பரீட்சை எழுத்தில் வேண்டாம், கட்டிலருகே நடக்கட்டும். நோயாளியை ஐந்து நிமிடம் இருத்தினாரா, பட்டியைச் சட்டைக் கைக்கு மேலே சுற்றினாரா, கை நெஞ்சு மட்டத்தில் இருந்ததா, இடையில் பேச்சுக் கொடுத்தாரா என்று பார்த்தால் போதும், ஒருவர் அளந்த இரத்த அழுத்தத்தை நம்பலாமா என்பது தெரிந்துவிடும். குறை இருந்தால் ஆறு மாதம், கொடுப்பனவோடு, பெயர் குறித்த ஒரு மூத்த தாதியின் கீழ். அந்த மூத்த தாதிக்கும் கற்பிக்கும் நேரத்தைக் கடமை நேரமாகவே கணக்கிட வேண்டும். இல்லையென்றால் அவரும் இன்னொரு தொண்டராகிவிடுவார்.

ஜெயபுரத்தில் போர்க்காலத்தில் இருபது வயதில் மருந்து கட்டப் பழகியவருக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. அடுத்த வர்த்தமானி அறிவித்தலில் வயதெல்லைக்குக் கீழே ஒரு விதிவிலக்கு வரியைச் சேர்க்கும்படி மாகாண சுகாதார அமைச்சைக் கேட்கிறோம்: தொண்டராகச் சேவையாற்றிய ஆண்டுகள் வயதிலிருந்து கழிக்கப்படும்.