ஆளை மாத்தினா டார்கெட் வந்துடுமா?

நேத்து காஸ்டிங் வகுப்புல விற்பனை மாறுபாடு நடத்தினாங்க. விற்பனை குறைஞ்சா, விலையால குறைஞ்சதா, எண்ணிக்கையால குறைஞ்சதான்னு முதல்ல பிரிச்சுப் பார்க்கணும். பரீட்சையில இதைச் செய்யலைன்னா எனக்கு முட்டை மார்க். கம்பெனியில செய்யலைன்னா? இன்னொருத்தருக்கு வேலை போகும், அவ்வளவுதான்!

எங்க மாமா முழங்கால் இம்ப்ளான்ட் விற்கிற ரெப்பா இருந்தார். ஏரியா திருநெல்வேலி, தூத்துக்குடி. 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு முழங்கால் இம்ப்ளான்ட்டுக்கு உச்சவரம்பு விலை வச்சது. அதிகமாப் பயன்படுத்துற கோபால்ட் குரோமியம் வகைக்கு, ஜிஎஸ்டி நீங்கலா 54,720 ரூபாய். அதுக்கு முன்னாடி சராசரி எம்.ஆர்.பி. ஒன்றரை லட்சத்துக்கு மேல. நோயாளிக்கு நல்லது, அதுல எனக்குச் சண்டையே இல்லை.

ஆனா கம்பெனி பில் போடுற விலையும் இறங்கிடுச்சு. மாமாவோட டார்கெட் மட்டும் பழைய ரூபாய் கணக்குலயே நின்னுச்சு. முந்தின வருஷம் வித்த அதே எண்ணிக்கையை வித்தும் பாதி டார்கெட் கூட வரலை. "பர்ஃபார்மன்ஸ் சரியில்லை"ன்னு 2018 தொடக்கத்துல அனுப்பிட்டாங்க. நான் அப்போ எட்டாவது. அந்த மாசம் வீட்டுல யாரும் சத்தமாப் பேசினதா ஞாபகம் இல்லை.

அப்புறம் வந்த பையன் ஏழு மாசம் தாங்கினான். அடுத்தவர் ஒரு வருஷம். ஒரே ஏரியா, ஒரே டார்கெட், மூணு பேர் அவுட்! பிட்ச்சைப் பார்க்காம பேட்ஸ்மேனை மட்டும் மாத்தினா எப்படிங்க?

இது சோப்பு விற்கிற வேலையும் இல்லை. ஆபரேஷன் நடக்கும்போது ரெப் தியேட்டர்ல நின்னு, டாக்டர் கேட்கிற சைஸ் கைக்கு வருதான்னு பார்த்துக்கணும். அந்த நம்பிக்கை வர வருஷக்கணக்காகும். ரெப்பை அனுப்பினா அதுவும் கூடவே போயிடும். எந்த லெட்ஜர்லயும் அந்த நஷ்டத்தை எழுத மாட்டாங்க.

"அப்போ வேலை செய்யாதவனையும் வச்சு சோறு போடணுமா?"ன்னு கேட்பீங்க. வேண்டாம். விலை மாறாம எண்ணிக்கை குறையுதா, டாக்டரையே பார்க்காம ரிப்போர்ட் எழுதுறாரா, கூப்பிட்டுக் கேளுங்க. மூணு மாசம் டைம் கொடுங்க. அப்பவும் திருந்தலைன்னா தாராளமா மாத்துங்க. ஆனா அந்தக் கணக்கைப் போட்டுட்டு மாத்துங்க.

மூணு ரெப் மாறின அந்த ஏரியாவுல டார்கெட் போட்ட மேனேஜர் மட்டும் மாறவே இல்லை. அவரோட பர்ஃபார்மன்ஸை யார் பார்க்கிறது?